ஈசூன் வீட்டை வாடகைக்கு விட்டுத் திருச்சிக்குப் போனால் கட்டுப்படியாகுமா?

கேள்வி கேட்டவர் தந்த விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 62, இங்கேயே பிறந்த சிங்கப்பூரர். பாதுகாவல் வேலை, அடுத்த வருஷம் விட்டுவிடலாம் என்று எண்ணம். மனைவிக்கு 59, திருச்சியில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்து, பிறகு குடியுரிமை வாங்கியவர். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் கடன் முடிந்த நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கையில் 90,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 65 வயதில் மசேநியிலிருந்து (மத்திய சேமநிதி, ஓய்வுக்காலச் சேமிப்பு) மாதம் 1,050 வெள்ளி வரும் என்று மதிப்பீடு. ஒரே மகள், பொங்கோலில் இருக்கிறார். வீட்டை 3,000 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டுவிட்டுத் திருச்சிக்கோ மலேசியாவின் ஜோகூருக்கோ போய்விட்டால் நிம்மதியாக வாழலாமா என்று கேட்கிறார். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருப்பதைக் கடைசி வரியில், சில்லறை விஷயம்போலச் சேர்த்திருக்கிறார்.

திருச்சியில் செலவு குறைவு என்பது அவருக்கே தெரியும். கேள்வியை மறுபடி படித்தபோது அவர் மனத்தில் இருப்பது வேறு என்று பட்டது: 85, 90 வயதுவரை இந்தப் பணம் தாங்குமா, நடுவில் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள், ஒத்துவராமல் திரும்பினால் இங்கே தலைசாய்க்க இடம் இருக்குமா. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் வீட்டை விற்காமல், குடியுரிமையை விடாமல், முதல் இரண்டு மூன்று வருஷத்தை ஒத்திகை என்று நினைத்துப் போக வேண்டும். காசு மிச்சமாகும் என்பது மட்டும்தான் காரணம் என்றால் வேண்டாம், ஏனென்றால் அவர் நினைக்கிற அளவுக்கு மிச்சமாகாது.

நான் கணக்கு, வரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சமூக மன்றத்தில் மூத்தவர்களுக்கு மசேநிக் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் படிவம் நிரப்பித் தருவதுமாகப் பொழுது போகிறது. சிங்கப்பூர்ப் பக்கத்து விதிகளை உறுதியாகச் சொல்வேன். இந்திய வரியில் எனக்குத் தெரிந்தது பழக்கத்தில் வந்தது. அங்கே ஓர் ஆடிட்டரைப் பார்க்காமல் என் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஜோகூரை முதலில் முடித்துவிடுவோம். நம் கடப்பிதழுக்கு மலேசியாவில் 30 நாள் தருகிறார்கள். மாதாமாதம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு வந்து முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது சுற்றிப் பார்க்க வருகிறவருக்கான அனுமதி. என்றைக்காவது ஓர் அதிகாரி ‘எதற்கு இத்தனை தடவை’ என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்காது. முறையாகத் தங்குவதற்கு ‘மலேசியா மை செகண்ட் ஹோம்’ திட்டம் இருக்கிறது. 2024ல் மாற்றிய பிறகு அதன் சில்வர் பிரிவுக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும், 600,000 ரிங்கிட்டுக்குக் குறையாத வீடும் வாங்க வேண்டும். ஜோகூரிலுள்ள ஃபாரஸ்ட் சிட்டி மண்டலத்தில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வைப்புத்தொகை 32,000 டாலர்தான்; அங்கும் வீடு வாங்கியே ஆக வேண்டும். 90,000 வெள்ளியை வைத்துக்கொண்டு இதில் இறங்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. மலேசியாவில் பிறந்து இங்கே நிரந்தரவாசியாக இருப்பவர்கள் கதை வேறு, அவர்களுக்கு அது சொந்த ஊர். ஆனால் நிரந்தரவாசிகள் வீவக வீட்டை முழுசாக வாடகைக்கு விட முடியாது என்பதை அவர்கள் மறந்துவிடக் கூடாது.

திருச்சியில் தங்கும் உரிமை இவருக்குச் சுலபம். மனைவி முன்னாள் இந்தியக் குடிமகள் என்பதால் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான ஆயுள்கால வருகை அனுமதி) அவருக்குத் தடையில்லாமல் கிடைக்கும். பழைய இந்தியக் கடப்பிதழை ஒப்படைத்த சான்றிதழைத் தேடி எடுத்துவைத்தால் போதும். கணவர் என்ற முறையில் இவரும் விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டாலும் பூட்டன்வரை இந்தியாவிலிருந்து வந்ததைக் காட்டினால் தருகிறார்கள். ஆனால் நம் தாத்தாக்கள் கப்பலேறி வந்தபோது யார் காகிதம் வைத்திருந்தார்கள்? பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கும். யாழ்ப்பாண வம்சாவளியினருக்கு இந்த வழியும் இல்லை. ஓசிஐ இருந்தால் விசா கவலை ஆயுளுக்கும் இல்லை. வீடு வாங்கலாம், விவசாய நிலம் மட்டும் வாங்க முடியாது. அது குடியுரிமை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்களுக்கு 8.2 விழுக்காடு வட்டி தருகிறார்களே என்று சொந்தக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். அந்தத் திட்டம் நமக்குக் கிடையாது. யாரோ ஒரு மச்சான் பெயரில் போட்டு வைக்கிறவர்களும் உண்டு. செய்யாதீர்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போனவர்களில் பலர் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்கள். காலையில் பால்காரர் மணி அடிக்கும்போதே அந்த அம்மா கோலத்தை முடித்துவிடுவார். பத்து மணிக்குச் சமையல்கார அம்மா வருவார், மத்தியானம் துணி துவைக்கிறவர். ஐயா சாயங்காலம் கோயிலைச் சுற்றிவிட்டு, காப்பிக்கடையில் யாரோடாவது அரசியல் பேசி முடித்து, எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். இங்கே அவர் கீழ்த்தளத்து இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். நல்ல பகுதியில் இரண்டு படுக்கையறை வீட்டு வாடகை, சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் ஆள், கார் வாடகை, கோயில் குளம் என்று எல்லாம் சேர்த்து இருவருக்கு மாதம் 60,000 முதல் 80,000 ரூபாய்க்குள் வசதியாக வாழ்வதைப் பார்க்கிறேன். நம் காசில் ஏறக்குறைய தொள்ளாயிரம் வெள்ளியிலிருந்து ஆயிரத்து இருநூறு வெள்ளி. மருத்துவச் செலவு இதில் சேராது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம்தான். தூரம் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் நான் போகலாம் என்றே சொல்கிறேன்.

இனி வாடகைக் கணக்கு. 3,000 வெள்ளி வாடகை என்றால் கையில் 3,000 வரும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஐந்து வருஷம் குடியிருந்து முடித்த குடிமகன், கழகத்தின் அனுமதியோடு முழு வீட்டையும் விடலாம். ஒவ்வொரு வாடகையும் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. அது சிக்கலில்லை. சிக்கல் வரியில். இங்கே குடியிருக்கிற வரைக்கும் வருமான வரியில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை, அடுத்த 10,000க்கு 2 விழுக்காடுதான். நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறி, வரிக்கணக்கில் ‘குடியிருப்பாளர் அல்லாதவர்’ ஆகிவிட்டால் வாடகை வருமானத்துக்கு 2024 வரி ஆண்டு முதல் எடுத்த எடுப்பிலேயே 24 விழுக்காடு. வருஷத்தில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வைத்து 33,000 வெள்ளி வாடகை என்போம். செலவுக்கென்று 15 விழுக்காடு கழிக்க விடுகிறார்கள், மிச்சம் 28,050. அதற்கு 24 விழுக்காடு 6,732 வெள்ளி. இதே மனிதர் இங்கேயே இருந்து, வேறு வரி வருமானம் இல்லாமல், அதே வாடகை வாங்கியிருந்தால் 161 வெள்ளிதான். மசேநி மாதத்தொகைக்கு இங்கே வரி கிடையாது என்பதால் அது கணக்கில் சேராது.

அதோடு சொத்து வரி. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு 2025 முதல் ஆண்டு மதிப்பில் (வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு என்ன வரும் என்று வரித்துறை போடும் மதிப்பீடு) முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை, அதற்கு மேல் 4 விழுக்காட்டில் தொடங்குகிறது. வாடகைக்கு விட்டால் முதல் வெள்ளியிலிருந்தே 12 விழுக்காடு. ஆண்டு மதிப்பு 13,000 என்று வைத்தால், 40 வெள்ளி கட்டியவர் 1,560 கட்ட வேண்டும். முகவர் கட்டணம், குளிர்சாதனம், ஒழுகும் குழாய், நகர மன்றக் கட்டணம் எல்லாவற்றுக்கும் 3,000 ஒதுக்குங்கள். கூட்டிக் கழித்தால் வருஷத்துக்கு ஏறக்குறைய 21,700, மாதம் 1,800 வெள்ளி. திருச்சி வாழ்க்கைக்கு 1,800 போதும், தாராளம். ஆனால் 3,000 வரும் என்று நினைத்துச் செலவைக் கூட்டிக்கொண்டவர் மாட்டிக்கொள்வார். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: தற்காலிகமாக வெளியே போய்வரும் குடிமகனை வரித்துறை குடியிருப்பாளராகவே நடத்தலாம். எது தற்காலிகம், எது குடியேற்றம் என்பதை உங்கள் நிலைமையைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள். சாதகமாக இருக்கும் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். 24 விழுக்காடு என்றே வைத்துக்கொள்ளுங்கள், குறைந்தால் லாபம்.

இந்தியப் பக்கம்: ஒரு நிதியாண்டில் 182 நாள் தங்கினால் அங்கே வரிக் குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள். பல வருஷம் வெளியே இருந்தவருக்கு முதல் இரண்டு, மூன்று வருஷம் ஓர் இடைநிலை உண்டு. அதுவரை வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கே வரி இல்லை. பிறகு உலக வருமானம் முழுக்கக் கணக்கில் வரும். இங்கே கட்டிய வாடகை வரியை அங்கே கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. மசேநி மாதத்தொகைக்கு என்ன ஆகும் என்பதில் நான் உறுதி சொல்லமாட்டேன். அந்த இடைநிலை முடிவதற்குள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

உண்மையான ஆபத்து வரியில் இல்லை, உடம்பில் இருக்கிறது. மெடிஷீல்டு லைஃப் என்ற நம் அரசாங்க மருத்துவக் காப்புறுதி வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது, ஆனால் சந்தா மெடிசேவ் என்ற மசேநி மருத்துவச் சேமிப்பிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். இங்கே அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் மானிய விலைக்கு வாங்குகிற சர்க்கரை மாத்திரை, கண் பரிசோதனை, கால் பரிசோதனை எல்லாம் அங்கே சொந்தக் காசு. மாத்திரை மலிவு, பயப்பட வேண்டாம். படுக்கையில் போடும் நோய்தான் பயப்பட வேண்டியது. இந்தியாவில் காப்புறுதி எடுக்க இப்போது வயது தடையில்லை. 65 வயதுக்கு மேல் புதிதாகத் தரத் தேவையில்லை என்றிருந்த வரம்பை 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருக்கும் காலமும் அதிகபட்சம் மூன்று வருஷமாகக் குறைந்துவிட்டது. 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் மருத்துவக் காப்புறுதிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. ஆனால் அந்த மூன்று வருஷக் கடிகாரம் பாலிசி எடுத்த அன்றைக்குத்தான் ஓட ஆரம்பிக்கும். போய் இறங்கிய உடனே எடுக்க வேண்டும், சர்க்கரையை மறைக்காமல் எழுதி எடுக்க வேண்டும். மறைத்து எடுத்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது வரும் கடிதத்தை நான் படித்துக் காட்டியிருக்கிறேன்.

பெரிய நோய் என்றால் விமானம் ஏறி இங்கே வந்துவிடுவேன் என்பார்கள். புற்றுநோய்க்கு, நாள் குறித்துச் செய்யும் இதய அறுவைக்கு, மூட்டு மாற்றுக்கு அது சரி. குடிமகன் என்பதால் அரசாங்க மருத்துவமனையில் மானிய வார்டு இருக்கிறது. பக்கவாதம் விமானத்துக்குக் காத்திருக்காது. இங்கே வந்தாலும் எங்கே தங்குவது? உங்கள் வீட்டில் வாடகைக்காரர் இருப்பார், ஒப்பந்தக் காலம் முடியாமல் அவரைக் கிளப்ப முடியாது. மகள் வீட்டில் இடம் இருக்கிறதா, மருமகனுக்குச் சம்மதமா என்று இப்போதே பேசிவைக்க வேண்டும். இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டால் முகவருக்கு வேலை சுலபம், உங்களுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான் நல்லது.

ஒரு சம்பவம். திருச்சியில் குடியேறிய ஓர் அம்மா. கணவருக்கு ராத்திரி ஒரு கை விழுந்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் உடனே சேர்த்துக்கொண்டார்கள், வைத்தியத்தில் குறை சொல்ல முடியாது. அனுமதிக் கவுண்டரில் முன்பணம் கேட்டார்கள். பணம் எல்லாம் சிங்கப்பூர் வங்கியில், கணவர் பெயரில். அட்டையைத் தேய்த்தால் ஓடிபி கணவருடைய சிங்கப்பூர் எண்ணுக்குப் போகிறது. அது ப்ரீபெய்டு சிம். டாப்-அப் பண்ணாமல் விட்டதில் எப்போதோ செத்துப்போயிருந்தது. வங்கிச் செயலியைத் திறக்கக் கடவுச்சொல் தெரிந்தவர் பேச முடியாமல் படுத்திருக்கிறார். கடைசியில் அந்த அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்து, தம்பி எங்கோ போய்ப் பணத்தோடு வந்தார். வங்கியில் அப்போது அவர்களுக்கு ஐம்பதாயிரம் வெள்ளிக்கு மேல் இருந்தது. அதனால் சொல்கிறேன்: சேமிப்பு இருவர் பெயரிலும் இருக்கட்டும். சிங்கப்பூர் எண் உயிரோடு இருக்கட்டும். உங்கள் சிங்பாஸ் (அரசாங்க மின்சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) எந்த எண்ணோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். நாலைந்து லட்சம் ரூபாய் திருச்சி வங்கியிலேயே, மனைவி எடுக்கக்கூடிய கணக்கில் கிடக்கட்டும். இந்திய வங்கியில் வைப்புக்குக் காப்பு ஒரு வங்கிக்கு 5 லட்சம் ரூபாய்வரைதான். இங்கே அது 100,000 வெள்ளி. முழுச் சேமிப்பையும் வட்டிக்கு ஆசைப்பட்டு அங்கே கொண்டுபோகாதீர்கள். நீங்கள் சுயமாக முடிவெடுக்க முடியாமல் போனால் உங்களுக்காக முடிவெடுக்கும் உரிமை தரும் நீடித்த அதிகாரப் பத்திரத்தையும் இங்கே இருக்கும்போதே மகள் பெயரில் பதிந்துவிடுங்கள். இந்தியாவில் வீடு வாங்கினால் அதற்குத் தனி உயில் வேண்டும். மசேநிப் பணம் உயிலில் எழுதினால் போகாது, நியமனப் படிவத்தில் உள்ளவருக்குத்தான் போகும்.

நாணய மாற்று நமக்குச் சாதகம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2005 வாக்கில் ஒரு வெள்ளிக்கு 26, 27 ரூபாய். 2025ல் 65ஐத் தாண்டிவிட்டது. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே இருபது வருஷத்தில் இந்திய விலைவாசி அதைவிடக் கூடுதலாக ஏறியது. ரூபாய் இறங்கியதால் நீங்கள் பணக்காரர் ஆகவில்லை, இருந்த இடத்தில் இருந்தீர்கள், அதுவும் கொஞ்சம் பின்னால். மசேநி லைஃப் என்ற ஆயுள்கால மாதத்தொகை ஏற்பாட்டில் நிலையான தொகை தரும் திட்டம் இருக்கிறது, குறைவாகத் தொடங்கி வருஷத்துக்கு 2 விழுக்காடு ஏறும் திட்டமும் இருக்கிறது. வாடகை வரும் வீடு உள்ளவருக்கு ஏறும் திட்டம் பொருந்தும் என்பது என் எண்ணம். 80 வயதில்தான் கூடுதல் காசு தேவைப்படும், 66ல் அல்ல. 65ல் எடுக்காமல் 70 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 7 விழுக்காடுவரை கூடும். வாடகையில் வண்டி ஓடுகிறது என்றால் ஓரிரண்டு வருஷம் தள்ளிப்போடுவதையும் யோசியுங்கள்.

குடியுரிமையை விட்டால் மசேநி முழுசும் கையில் கிடைக்குமே என்று இன்னொருவர் யோசனை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கிடைக்கும், உண்மைதான். அதோடு மானிய வார்டு, ஆயுள்முழுக்க வரும் மாதத்தொகை, வீவக வீடு வைத்திருக்கும் தகுதி எல்லாம் போகும். சர்க்கரை உள்ள 62 வயதுக்காரர் செய்யக்கூடிய காரியம் இல்லை. வீட்டை விற்றுத் திருச்சியில் பங்களா வாங்குவதும் ஏறக்குறைய அதே மாதிரிதான். திரும்பி வந்து கழகத்திடம் புது வீடு கேட்டால் வெளிநாட்டில் உள்ள வீட்டையும் கணக்கில் எடுப்பார்கள். அதற்குள் இங்கே விலை எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

பலர் யோசிக்காத ஒன்று கால். 62ல் ஸ்கூட்டரில் ஏறிவிடலாம். 76ல்? ஈசூனில் மின்தூக்கி வாசலுக்கே வரும், சக்கர நாற்காலியோடு தனியாகப் பேருந்தில் ஏறி மருந்தகத்துக்குப் போய்வரலாம். திருச்சியில் நடைபாதை இருக்கும் இடத்தில் கடை இருக்கும், வீட்டு வாசலில் நாலு படி இருக்கும். யாராவது கூட்டிப்போனால்தான் வெளியே. அதனால் என் கணக்கில் இது ஆயுளுக்கும் போகிற போக்கு இல்லை; கால் நன்றாக இருக்கும் பத்து, பன்னிரண்டு வருஷத்தை அங்கே அனுபவித்துவிட்டு, தள்ளாமை வருமுன் வீடு திரும்புவது. திரும்பும் வயதை இப்போதே இருவரும் பேசி வைத்தால் நல்லது. தள்ளாமை வந்த பிறகு யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

உங்கள் கேள்வியில் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவருடைய ஊர், அவருடைய அக்கா தங்கைகள், சந்தோஷப்படுவார் என்று நினைத்திருக்கலாம். அப்படியும் இருக்கும். இல்லாமலும் இருக்கும்: ஊரை விட்டு வந்தபோது விட்டுவந்த பஞ்சாயத்தும் அங்கேதான் காத்திருக்கிறது, பேரப்பிள்ளை பொங்கோலில் இருக்கிறது. அவரைத் தனியாகக் கேளுங்கள்.

வேலையை விட்டதும் வீட்டைப் பூட்டிவிட்டு, வாடகைக்கு விடாமல், ஆறு மாதம் போய் இருங்கள். சித்திரை, வைகாசி வெயில் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். மார்கழி, தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்தவர்களை அடுத்த மே மாதம் சாங்கி விமான நிலையத்தில் பார்க்கலாம். ஆறு மாதத்துக்குச் சேமிப்பிலிருந்து பத்தாயிரம் வெள்ளிக்குள் செலவாகும். 65 வரை மசேநி வராது என்பதால் இடைப்பட்ட காலத்துக்கு வாடகைதான் சோறு. ஆகவே சேமிப்பில் 50,000ஐ மருத்துவத்துக்கென்று தொடாமல் ஒதுக்கிவிடுங்கள். மனைவியின் மசேநியில் எவ்வளவு இருக்கிறது, வீடு இருவர் பெயரிலும் இருக்கிறதா, மெடிசேவில் எவ்வளவு என்ற மூன்றையும் நீங்கள் எழுதவில்லை. எழுதினால் மேலே போட்ட கணக்கை உங்களுக்கு ஏற்றபடி திருத்தித் தருகிறேன்.